மெருகின் மேல் தீட்டும் வண்ணங்கள்

தேநீர்க் கோப்பையின் விளிம்பைச் சுற்றி ஓடும் பொற்கோடும், தட்டின் நடுவே மலர்ந்திருக்கும் ரோஜாக் கொத்தும் பெரும்பாலும் பீங்கான் முற்றிலும் சுடப்பட்டு மெருகேறிய பின்னரே அதன்மீது இடப்படுகின்றன. பாத்திரம் மீண்டும் ஒருமுறை, முன்னிலும் குறைந்த உஷ்ணநிலையில், சூளையில் வைக்கப்படுகிறது. அப்பொழுது வண்ணம் இளகி, அடியிலுள்ள மெருகோடு ஒட்டிக்கொள்கிறது. இம்முறைக்கு மெருகுமேல் அலங்காரம் என்று பெயர். பீங்கான் தொழிலில் இது சிறு முதலீட்டோடு செய்யக்கூடிய வேலை. ஒரு சிறு மின்சாரச் சூளையும், தூரிகைகளும், வெள்ளைப் பாத்திரங்களும் இருந்தால் ஒரு குடும்பமே இதைத் தொடங்கிவிடலாம். அந்த எளிமையே இதன் ஆபத்துமாகும். ஏனெனில் இவ்வண்ணங்கள் உணவைத் தொடும் புறத்தில் பாதுகாப்பின்றி இருக்கின்றன. அவை நிலைத்து நிற்பதும், நஞ்சாகக் கரைவதும் அந்தக் கடைசிச் சூட்டைப் பொறுத்தே அமைகின்றன.

மெருகு என்பது மண் பாத்திரத்தின்மேல் படிந்துள்ள மெல்லிய கண்ணாடிப் படலம் என்பதை ஆசிரியர்கள் முதலில் மாணவர்களுக்கு விளக்க வேண்டும். சாதாரணமாகப் பாத்திரம் இரண்டு முறை சுடப்படுகிறது. முதற் சூட்டில் மண் இறுகுகிறது. தொழிலாளர் இந்நிலையைப் பிஸ்கெட்டு என்பர். இரண்டாவது சூட்டில் மெருகு உருகிப் படிகிறது. வண்ணத்தைப் பிஸ்கெட்டின்மேல் தீட்டி, அதன்மேல் மெருகிட்டுச் சுட்டால் அது மெருகின் அடியிலேயே நிரந்தரமாக அடைபட்டுவிடும். உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷஹர் மாவட்டத்திலுள்ள குர்ஜாவின் பழைய பூவேலையும், ஜெய்ப்பூரின் நீலப் பாண்டங்களும் இவ்வாறு மெருகின்கீழ்த் தீட்டப்பட்டவை. கரண்டியும் புளியும் அவ்வண்ணத்தை நேரே தொட முடியாது.

அப்படியானால் மெருகின்மேல் தீட்டுவானேன்? மெருகு உருகும் 1,050 முதல் 1,400 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில. கோபால்ட் நீலம் எந்தச் சூட்டையும் தாங்கும்; குரோமியப் பச்சையும் சில பழுப்பு நிறங்களும் ஓரளவு தாங்கும். ஒளிமிக்க சிவப்பு, ரோஜா, ஊதா, பொன் ஆகியவை அவ்வெப்பத்தில் எரிந்தோ கரைந்தோ போய்விடும். 700 முதல் 850 டிகிரிக்குள் சுட்டால் ஏறக்குறைய எல்லா நிறங்களும் கைவசமாகும். நிறங்களின் மீதுள்ள இந்த ஆசைதான் இக்கலையை வளர்த்தது. ஈரானில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கஷான் நகரக் குயவர்கள் மீனா வேலை எனப்படும் பாண்டங்களை இம்முறையில் செய்தனர். சீனத்தில் மிங் வமிசத்துச் செங்குவா அரசர் காலத்தில் (1465–1487) மெருகின்கீழ் நீலக்கோடு வரைந்து, அதன் இடைவெளிகளை மெருகின்மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கொண்டு நிரப்பும் நுண்மையான வேலை உச்சநிலை அடைந்தது. ஐரோப்பாவில் 1710ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மைசென் ஆலையில், 1720இல் வந்து சேர்ந்த ஹெரோல்ட் என்ற ஓவியர் வண்ண வரிசையைப் பெருக்கினார். 1756இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் சாட்லர், கிரீன் என்ற இருவர், செப்புத் தகட்டிலிருந்து காகிதத்தில் எடுத்த படத்தை மெருகிட்ட ஓடுகளுக்கு மாற்றி, ஆறு மணி நேரத்தில் 1,200க்கு மேற்பட்ட ஓடுகளை அச்சிட்டதாகச் சத்தியப் பிரமாணம் செய்தனர். இன்று கடைகளில் காணும் மலிவான பூத்தட்டுகளின் மூதாதை அந்த அச்சு ஓடுதான்.

வண்ணத்தின் உள்ளமைப்பு

மெருகுமேல் வண்ணம் ஒவ்வொன்றும் இரு பகுதிகள் உடையது. ஒன்று நிறம் தரும் பொருள்; இது பெரும்பாலும் ஓர் உலோகத்தின் ஆக்சைடு. மற்றது இளக்கி, அதாவது குறைந்த வெப்பத்தில் உருகி நிறப்பொருளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும் கண்ணாடித் தூள். நிறப்பொருள் மட்டும் இருந்தால் அது சுண்ணாம்புத் தூள்போல் உதிர்ந்துவிடும். எனவே பாத்திரத்தின்மேல் உண்மையில் படிவது சாயம் அன்று. அடியிலுள்ள கண்ணாடியின்மேல் ஒட்டவைக்கப்பட்ட மற்றொரு, மென்மையான கண்ணாடி.

இளக்கியாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது காரீய ஆக்சைடும், போரிக் ஆக்சைடும், மணற்சத்தாகிய சிலிகாவும் சேர்ந்த கண்ணாடி. காரீயம் கண்ணாடியை எளிதில் உருகச் செய்கிறது, பளபளப்பைக் கூட்டுகிறது, நிறத்தைத் துலங்கச் செய்கிறது. சிறு சூட்டுத் தவறுகளையும் மன்னிக்கிறது. தொழிலாளி அதை விட்டுவிடத் தயங்குவதன் காரணம் இதுதான். இங்கு ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை தேவை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் உள்ளது வெள்ளீயம். அது வேறு உலோகம். இக்கட்டுரை பேசுவது காரீயத்தைப் பற்றி. ஈயம் என்று மட்டும் சொன்னால் இல்லத்தரசிகள், "பாட்டி காலத்திலிருந்து ஈயத்தில்தானே சமைக்கிறோம்" என்று பதில் சொல்வார்கள். அப்பதிலில் குற்றமும் இல்லை.

நிறப்பொருள்களில் சிவப்பு நிறங்களே அதிகத் தொல்லை தருபவை. இரும்புச் சிவப்பு என்பது நுண்ணிய இரும்பு ஆக்சைடு. அதன் துகள்கள் கரையாமல் மிதந்து நிற்கும் வரையில்தான் நிறம் நிற்கும். சூடு மிகுந்தால் அவை இளக்கியில் கரைந்து, சிவப்பு பழுப்பாக மாறும். செந்தூரம்போல் ஒளிரும் செஞ்சிவப்பு வேறு வகை. அது காட்மியம், கந்தகம், செலீனியம் மூன்றும் சேர்ந்தது. செலீனியத்தின் அளவு கூடக்கூட, மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகும். இவ்வகை வண்ணத்தைச் செம்பு கலந்த பச்சையோடோ காரீயம் மிகுந்த இளக்கியோடோ கலந்தால் கறுத்துவிடும். ஆகையால் அதற்குத் தனித் தூரிகையும் தனிக் கிண்ணமும் வேண்டும்.

ரோஜா நிறமும் ஊதாவும் பொன்னிலிருந்து வருபவை என்பதைப் பலர் அறியார். பொன் குளோரைடுக் கரைசலில் வெள்ளீயக் குளோரைடைச் சேர்த்தால் ஊதா வீழ்படிவு கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேசியஸ் என்பவரின் பெயரால் அது கேசியஸ் ஊதா எனப்படும். அது பொன்னின் மிக நுண்ணிய துகள்கள் வெள்ளீய ஆக்சைடில் தங்கிய கூழ்மம் என்று விளக்கிய சிக்மாண்டி, 1925ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசைப் பெற்றார். கூழ்மங்கள் என்ற பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு ஒரு ரோஜாப் பூக் கோப்பையைவிடச் சிறந்த உபகரணம் கிடைப்பது அரிது. விளிம்பில் மின்னும் பொற்கோடு இதனின் வேறு. பொன்னைப் பிசின் போன்ற எண்ணெயில் கரைத்துச் செய்யும் திரவப் பொன், 1830ஆம் ஆண்டளவில் மைசென் ஆலையில் கூன் என்பவரால் உருவாக்கப்பட்டது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு பொன்னே அதில் இருந்தும், சூளையிலிருந்து வரும்போதே பளபளக்கிறது. மிக மெல்லியதாகையால் தேய்த்துக் கழுவினால் விரைவில் மறையும். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் பொறி பறக்கும்.

தீட்டும் முறைகள்

தூரிகையால் தீட்டுவதற்கு வண்ணத் தூளை டர்ப்பன்டைன் தைலத்தில் கண்ணாடிப் பலகைமேல் வைத்து நன்கு குழைப்பர். தைலத்தை ஆவியாக விட்டுச் சற்றுக் கெட்டியாக்கினால் வண்ணம் ஓடாமல் நிற்கும். வட்டக் கோடுகளுக்குப் பாத்திரத்தைச் சுழல்மேடையில் வைத்துத் தூரிகையை அசைக்காமல் பிடித்தால் போதும். இன்று பெரும்பகுதி வேலை ஒட்டுப்படங்களால் நடைபெறுகிறது. பசை தடவிய காகிதத்தில் வண்ணத்தைத் திரை அச்சினால் பதித்து, மேலே ஒரு வார்னிஷ் படலம் பூசியிருப்பர். நீரில் நனைத்தால் படம் காகிதத்தைவிட்டு நழுவும். அதைப் பாத்திரத்தில் இட்டு, அடியில் உள்ள நீரையும் காற்றையும் ரப்பர்த் துண்டினால் முழுவதும் வெளியேற்ற வேண்டும். சிறு குமிழி தங்கினாலும் சூட்டில் அவ்விடம் வெடித்து வெள்ளைப் புள்ளியாகும். எம்முறையாயினும் பாத்திரத்தைத் தொடும் விரலில் எண்ணெய்ப் பசை இருக்கலாகாது.

மூன்றாம் சூடு

அலங்காரச் சூட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, 400 அல்லது 450 டிகிரி வரை. இதில் தைலமும் வார்னிஷும் எரிந்து நீங்க வேண்டும். சூளையின் காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும். வெப்பம் மெல்ல ஏற வேண்டும். அவசரப்பட்டால் தடித்த படலம் சுருண்டு உரியும். எரியாத கரி இளக்கிக்குள் சிறைப்பட்டு நிறம் மங்கும். துவாரத்தை மூடிவைத்துச் சுடும் சூளையில் மற்றொரு கேடும் நிகழ்கிறது. வண்ணத்திலிருந்து ஆவியாகும் காரீயம் வெளியேற வழியின்றி, பக்கத்திலுள்ள பாத்திரங்களின் மெருகிலேயே படியும். ஒரு கோடுகூட இழுக்கப்படாத வெள்ளைக் கோப்பையும் அவ்வாறு காரீயம் கசியும் கோப்பையாகிவிடக் கூடும்.

இரண்டாவது கட்டம் இளகும் நிலை. மெருகு மென்மையான வெண்களிப் பாண்டங்களுக்கும் எலும்புச் சாம்பல் பீங்கானுக்கும் பொதுவாக 750 முதல் 820 டிகிரி வரை தேவை. இவற்றின் மெருகு அவ்வெப்பத்தில் தானும் சிறிது இளகுவதால் வண்ணம் அதனுள் சற்று அமிழ்ந்து ஒட்டும். 1,350 டிகிரிக்கு மேல் சுடப்பட்ட கடினப் பீங்கானின் மெருகு 800 டிகிரியில் அசையாது. அதன்மேல் வண்ணம் வெறும் மேற்பரப்பிலேயே நிற்கிறது. எனவே ஒன்றுக்குச் செய்த வண்ணத்தை மற்றொன்றுக்கு இடும்முன் சோதித்துப் பார்க்க வேண்டும். உச்ச வெப்பத்தில் பத்து முதல் இருபது நிமிடம் நிறுத்திவைப்பது வழக்கம். சூளையின் வெப்பமானி தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே கூறும். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் பல டிகிரி வேறுபாடு இருக்கலாம். ஆகவே 018 முதல் 014 வரையிலான சூளைக் கூம்புகளை ஒவ்வொரு தட்டிலும் வைப்பது நல்லது. கூம்பு வளைந்தால் அவ்விடத்தில் வேலை முடிந்தது என்று பொருள்.

மூன்றாவது கட்டமாகிய ஆறுதலை விரைவுபடுத்தினால் பாத்திரம் விரிசல் காணும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; ஒருமுறை சூளை நிறைய உடைந்ததைக் கண்டவர் பிறகு கதவைத் திறக்க அவசரப்படுவதில்லை.

பல நிறங்கள் உள்ள வேலையில், அதிகச் சூடு வேண்டும் நிறங்களை முதலில் சுட்டு, சிவப்பையும் பொன்னையும் கடைசியாகக் குறைந்த சூட்டில் சுடுவதே முறை. நான்கைந்து முறை சுடச் செலவாகும் என்று எல்லாவற்றையும் ஒரே சூட்டில் முடிக்க நினைக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. சிவப்புக் கெடுமோ என்ற அச்சமும் மின்கட்டணமும் சேர்ந்து, சூளையை 700 டிகிரியிலேயே நிறுத்தத் தூண்டுகின்றன. படம் அழகாகவே இருக்கும், விற்பனையாகவும் செய்யும். ஆனால் இளக்கி முழுதும் உருகிப் பரவாததால் படலம் நுண்துளைகளோடு நிற்கும். இத்தொழிலில் செய்யப்படும் சிக்கனங்களிலெல்லாம் இதுவே மிகக் கேடானது என்பது என் கருத்து.

நுண்துளையுள்ள வெண்களிப் பாண்டங்களில் மட்டும் காணும் ஒரு குறையையும் இங்குக் குறிப்பிடலாம். மெருகிட்ட பாத்திரங்களை மழைக்காலத்தில் மாதக்கணக்கில் கிடங்கில் வைத்திருந்தால், மெருகில்லாத அடிவிளிம்பு வழியாக உடற்பகுதி ஈரத்தை உறிஞ்சும். அலங்காரச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, இளகிய மெருகைத் துளைத்து நூற்றுக்கணக்கான கொப்புளங்களை உண்டாக்கும். வண்ணம் விற்றவர்மேல் பழி போடுமுன் பாத்திரம் எத்தனை நாள் கிடந்தது என்று விசாரிப்பது களப் பணியாளரின் கடமை.

புளியும் காடியும் செய்வதென்ன

ஊறுகாய், புளிக்குழம்பு, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றில் அமிலங்கள் உள்ளன. காரீயக் கண்ணாடியை அமிலம் தொடும்போது, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடியினுள் புகுந்து காரீய அயனிகளை வெளித்தள்ளுகின்றன. எஞ்சுவது சிலிகா மிகுந்த மெல்லிய தோல். பழைய தட்டுகளின் வண்ணத்தில் மயிற்கழுத்துச் சாயல் தோன்றுவது இதனால் இருக்கலாம். இளக்கியில் சிலிகா போதிய அளவு இருந்து, டைட்டானியம் அல்லது ஜிர்க்கோனியம் ஆக்சைடும் சிறிது சேர்ந்திருந்தால் அமிலத்தை நன்கு எதிர்க்கும். பளபளப்புக்காகத் தொழிலாளி தானே மேலும் இளக்கியைக் கலந்தால் எதிர்ப்புக் குன்றும். செம்பு ஆக்சைடு கலந்த பச்சை, காரீயக் கண்ணாடியின் எதிர்ப்பைப் பெரிதும் குலைக்கிறது. உணவு படும் இடத்தில் அதை அறவே விலக்க வேண்டும்.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. தீங்கற்றது எனத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கிறது. ஆகவே பாத்திரத்தை நூற்றுக்கு நான்கு பங்கு அசெட்டிக் அமிலத்தில், 22 டிகிரி வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்து, கரைந்த உலோகத்தை அளக்கும் சோதனை வகுக்கப்பட்டுள்ளது. 1999ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிர்ணயப்படி, தட்டுகளில் ஒரு சதுர டெசிமீட்டருக்குக் காரீயம் 0.8 மில்லிகிராமும் காட்மியம் 0.07 மில்லிகிராமும் உச்ச வரம்பு. கோப்பைகளில் ஒரு லிட்டருக்கு முறையே 0.5, 0.25 மில்லிகிராம். இருபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டின் பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர டெசிமீட்டர். அதிலிருந்து கரையலாகும் காரீயம் இரண்டரை மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இக்கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவரே போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவீட்டை ஆய்வுக்கூடத்தில்தான் செய்ய முடியும். கல்கத்தாவில் 1950இல் தொடங்கிய மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக் கழகத்துக்குக் குர்ஜாவிலும் குஜராத்தின் நரோடாவிலும் கிளை நிலையங்கள் உள்ளன. அருகிலுள்ள தொழிற்கூடங்கள் அவற்றை அணுகலாம். பள்ளியிலோ தொழிற்கூடத்திலோ செய்யக்கூடிய எளிய முன்சோதனை ஒன்று உண்டு. அலங்கரித்த தட்டைப் பாதியளவு கடைச்சரக்கான வினிகரில் மூழ்கும்படி ஒரு நாள் நிறுத்தி, கழுவி உலர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூழ்கிய பாதிக்கும் மூழ்காத பாதிக்கும் இடையே எல்லைக்கோடு தெரிந்தால், அல்லது துணியில் நிறம் ஒட்டினால், அந்த வண்ணம் உணவுப் பாத்திரத்துக்கு உதவாது. கோடு தெரியாமையால் மட்டும் பாத்திரம் நல்லது என்று கொள்ளக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் கேடு நிகழாமலே வரம்புக்கு மேல் காரீயம் கரைதல் சாத்தியம். சோதித்த வினிகரை மாணவர் கையில் விடாமல் ஆசிரியரே அப்புறப்படுத்த வேண்டும்.

தீட்டுவோர் நலத்தையும் மறக்கலாகாது. தூரிகையின் நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து இழுக்கும் பழக்கத்தை முதல் நாளே தடுக்க வேண்டும். வண்ணத் தூளை உலர்ந்த நிலையில் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தெளிப்பு வேலை உறிஞ்சு விசிறி பொருத்திய அறையில் நடைபெற வேண்டும். அவ்வறையில் உணவுண்ணலும் குழந்தையைக் கிடத்துதலும் கூடா.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. பிஸ்மத்தையோ துத்தநாகத்தையோ கொண்ட காரீயமற்ற இளக்கிகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சூட்டின் எல்லை குறுகியது. எனவே கூம்பு வைத்துச் சுடும் பழக்கமில்லாத கூடத்தில் அவை வெற்றி பெறா. ஓட்டல் பாத்திரங்களுக்கு 1,200 டிகிரியை ஒட்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் விரைவாகச் சுட்டு, வண்ணத்தை மெருகினுள்ளேயே அமிழ்த்தும் முறை கையாளப்படுகிறது. இது உரசலையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரத்தையும் தாங்கும், ஆனால் நிறங்கள் குறைவு. சிறு தொழிற்கூடத்துக்கு இவற்றையெல்லாம்விட எளிதாவது படத்தின் இடத்தை மாற்றுவதுதான். கோப்பையில் உதடு படும் மேல்விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தை வெறுமையாக விட்டு, படத்தை வெளிப்புறத்தில் இடலாம். தட்டிலும் நடுப்பகுதியை வெள்ளையாக விட்டு ஓரத்தில் மட்டும் பூவேலை செய்யலாம்.

சூட்டில் மங்கிய பாத்திரங்களை மலிவு விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் நம் சந்தைகளில் உண்டு. அவற்றை வாங்குவோர் ஏழைகளாகையால் உண்பதும் அவற்றிலேயே. அத்தகையவற்றை 20, 30 டிகிரி கூட்டி மீண்டும் சுட்டால் பல தேறிவிடும். தேறாதவற்றின் அடியில் துளையிட்டுப் பூந்தொட்டியாகவோ, சுவரில் மாட்டும் தட்டாகவோ விற்கலாம். உணவுக்கு அன்று என்ற எழுத்துகளையும் அழியாத வண்ணத்தில் அடிப்புறத்தில் சுட்டுப் பதித்துவிட வேண்டும்.